சாரம் சுற்றிய துவக்கும் சொல் கேளாத கையும்

கௌசி வார நாட்களில் ஆஸ்பத்திரியில் தாதி, வார இறுதியில் வேட்டைக்காரி. ஒஸ்லோவின் குரோருட்டில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் கடைவாசலில் என்னைக் கண்டவுடன் மறித்துக்கொண்டாள்.

"அங்கிள், இனிப் பொலிஸ் எல்லாரும் எந்த நேரமும் பிஸ்டலோடைதான் நிப்பினம் எண்டு கதைக்கினம். நாங்கள் துவக்கோடை போகேக்கை மறிச்சா என்ன செய்யிறது? எங்கடை குழுவுக்கு ஒருக்கா வந்து சொல்லித் தாங்கோவன்."

நோர்வேயில் பொலிசார் வழமையில் இடுப்பில் ஆயுதம் இல்லாமல்தான் திரிவார்கள். எங்கள் பக்கத்தில் வேட்டைத் தேர்வில் சித்தியடைந்த பதினொரு தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்கள்தான் அவள் சொன்ன குழு. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள். சனிக்கிழமை விடிந்ததும் எல்க் மானைத் தேடிக் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். கேட்டால், முருகனே வேட்டுவர் வீட்டில்தானே பெண் எடுத்தவர் என்று நியாயம் சொல்வார்கள். நான் போய் ஒரு மணித்தியாலம் கதைத்தேன். சொல்லி முடியவில்லை. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இது அந்த மிச்சம்.

நான் ஒஸ்லோவில் இருபத்தொன்பது வருடம் வேட்டைச் சாமான் கடை ஒன்றில் வேலை செய்தவன். முதலில் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். பிறகு மொழி படித்தேன், இரவுப் பள்ளியில் இரும்பு வேலை படித்தேன், நான்கு வருடம் உதவியாளனாக நின்றேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கடையின் பின்பக்கத்துப் பட்டறையில் துவக்குத் திருத்துகிறவனாக இருந்தேன். துவக்குச் சத்தத்துக்குப் பயந்து மகனை வெளிநாட்டுக்கு அனுப்பினால் அவன் துவக்குக் கடைக்கே போய் நிற்கிறான் என்று அம்மா கடிதத்தில் திட்டினாள். அவள் சொன்னதில் பிழையில்லை.

பட்டறைக்குப் பொறுப்பாக இருந்தவர் துரீட். உயரமான பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். பதினொரு மணிக்குக் கடதாசியில் சுற்றிய பாணும் பழுப்புச் சீஸும் சாப்பிடுவார். அந்த நேரத்தில் அரசனே துவக்கோடு வந்தாலும் காத்திருக்க வேண்டும். பரராஜசிங்கம் என்ற என் பெயரை முழுதாகச் சொல்லப் பழகிய ஒரே நோர்வேக்காரர் அவர்தான். மற்றவர்களுக்கு நான் பாரா.

பட்டறைக்கு ஒரு துவக்கு வந்தால் முதல் வேலை அது வெறுமையா என்று பார்ப்பது. கொண்டுவந்தவர் "ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருப்பார். துரீட் திறந்து காட்டியிருப்பார். ஆனாலும் நான் பார்க்க வேண்டும். கண்ணால் ஒருமுறை, விரலை வெடியறைக்குள் விட்டு ஒருமுறை, குழலின் ஒரு பக்கம் வெளிச்சம் பிடித்து மறுபக்கத்தால் ஒருமுறை. ஒருநாள் அவசரத்தில் விரல் விடாமல் வெளிச்சத்துக்குப் போய்விட்டேன். துரீட் கண்ணாடியைத் துடைத்தார். நான் மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன். வீட்டில் அடுப்பை நிற்பாட்டியதை மூன்று முறை பார்க்கும் என் மனைவியை அன்றிலிருந்து நான் கேலி செய்வதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். துவக்குக் கடைகளைப் பொலிசார் இடைக்கிடை வந்து பார்ப்பார்கள். பதிவுப் புத்தகமும் பூட்டும் சரியா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். நான் பட்டறைக்கு வந்த முதல் வருடம் அப்படி ஒருவர் வந்தார். மேசைக்கு முன்னால் ஒரு ரைபிளைக் கையில் பிடித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. சீருடையைக் கண்டேன். அடுத்த கணம் ரைபிள் என் கமக்கட்டுக்குள் இருந்தது. வலது கை காற்சட்டைப் பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்து அவருடைய மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தது. ரைபிளின் வாய் எந்தப் பக்கம் பார்த்தது என்று கேட்காதீர்கள். வந்த மனிதர் நல்லவர். ஒரு அடி பக்கவாட்டில் தள்ளி நின்றுகொண்டு "வணக்கம்" என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் துரீட் கண்ணாடியைத் துடைத்தார். மிக நீண்ட நேரம் துடைத்தார். பிறகு இரண்டு கோப்பையில் கோப்பி ஊற்றி எனக்கு எதிரே இருந்தார்.

"இப்போது நீ என்ன செய்தாய்?"

சொன்னேன். ஊரில் சோதனைச் சாவடி வர இருபது யார் இருக்கும்போதே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். இடது கையால் சைக்கிளைப் பிடித்து உருட்ட வேண்டும். வலது கையில் அடையாள அட்டை, படம் ஆமிக்காரனுக்குத் தெரிகிற மாதிரி. அவன் கேட்டபிறகு எடுத்தால் ஏன் பிந்தினாய் என்று தொடங்கி இன்னும் பத்துக் கேள்வி வரும். அதனால் கேட்கமுதலே கொடுத்துவிட வேண்டும். அதுதான் உயிரோடு வீட்டுக்குப் போகிற வழி. பள்ளிக்கூடம் போன காலத்தில் தொடங்கி கப்பல் ஏறும்வரை நான் இதைத்தான் செய்தேன்.

துரீட் கேட்டுக்கொண்டே தன் கோப்பியைக் குடித்தார். கோப்பி முடிந்ததும் சொன்னார்.

"அங்கே அந்தக் கை உன்னைக் காப்பாற்றியது. இங்கே, பக்கத்தில் துவக்கும் இருந்தால், அந்தக் கைதான் உன்னைக் கொல்லும். பொலிஸ்காரருக்கு உன் அட்டை தேவையில்லை. உன் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும்."

அடுத்த நாள் தொடங்கி ஒரு மாதம், காலை ஒன்பது மணிக்குத் துரீட் வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டுப் பொலிஸாக உள்ளே வருவார். நான் பழக வேண்டும். கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும், வைக்கச் சொன்னால் மட்டும். சொல்லாவிட்டால் அப்படியே அசையாமல் நிற்க வேண்டும். பிறகு வாயால் சொல்ல வேண்டும்: என்னிடம் துவக்கு இருக்கிறது, இன்ன இடத்தில் இருக்கிறது, வெறுமையாக இருக்கிறது, அட்டை இன்ன பையில் இருக்கிறது, நான் என்ன செய்ய வேண்டும்? அவர் சொன்னபிறகுதான் பையைத் தொடலாம், அதுவும் மெதுவாக. நான் இதைத் தமிழில் சுருக்கிக் கை, வாய், பை என்று பாடமாக்கிக்கொண்டேன். முதலில் கை நிற்கும், பிறகு வாய் பேசும், கடைசியில்தான் பை. முதல் இரண்டு வாரமும் என் கை பைக்குள் போய்க்கொண்டே இருந்தது. துரீட் ஒவ்வொரு முறையும் வெளியே போய் மறுபடி தட்டினார். பக்கத்துக் கடைக்காரர் எங்கள் இருவருக்கும் ஏதோ பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு திருத்திய துவக்குகளைச் சுட்டுப் பார்க்க எத்தனையோ தரம் சுடுதிடலுக்குக் கொண்டு போயிருக்கிறேன். பொலிசார் மறித்திருக்கிறார்கள். கை, வாய், பை. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சிலர் எல்க் வேட்டை எப்படி என்று கேட்டு நேரத்தைப் போக்கினார்கள்.

இப்போது தவத்தின் கதை. தவம் தென்மராட்சிக்காரன், வெஸ்ட்லியில் இருக்கிறான், இருபது வருடத்துக்கு மேலாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான். அவனோடு வேலை செய்த நோர்வேக்காரர்கள் தங்கள் வேட்டைக் குழுவுக்கு அவனையும் கூப்பிட்டார்கள். எங்கள் ஆட்களில் அப்படி முதலில் கூப்பிடப்பட்டவன் அவன். மனிதன் தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டான். என்னிடம்தான் ரைபிள் வாங்கினான். துடைக்கக் காட்டிக் கொடுத்தேன், பூட்டக் காட்டிக் கொடுத்தேன். போகிற வழியில் போல்ட்டைக் கழற்றித் துவக்கில் இருந்து தனியாக உன் உடம்போடு வைத்திரு என்றும் சொல்லிக் கொடுத்தேன். போல்ட் என்பது வெடியறையைத் திறந்து மூடுகிற இரும்புத் தண்டு, சாணளவு நீளம். அது இல்லாவிட்டால் துவக்கு வெறும் தடிதான். நல்ல பாடம். ஆனால் கை, வாய், பையைச் சொல்லிக் கொடுக்க மறந்துபோனேன். அது துரீட்டுக்கும் எனக்கும் இடையில் நடந்த என் சொந்தக் கூத்து என்று நினைத்திருந்தேன். இன்னொருவனுக்கும் அதே கை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய மிருகம் வேட்டையாடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் சுடும் தேர்வில் தேற வேண்டும். ஆவணி மாதப் பின்னேரம் ஒன்றில் தவம் அந்தத் தேர்வில் தேறிவிட்டு ஐந்தாம் இலக்கச் சுரங்க ரயிலில் வெஸ்ட்லிக்குத் திரும்பினான். துவக்குப் பையின் சிப் வழியில் அறுந்துவிட்டது. அடிக்கட்டை வெளியே எட்டிப் பார்த்தது. துவக்கைப் பொது இடத்தில் மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்பது சட்டம். தவம் சட்டத்தை மதிக்கிறவன். தோள்பையில் இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்று இருந்தது. சுடுதிடலில் உடுப்பு மாற்றக் கொண்டுபோனது, பச்சையும் நீலமுமாகச் சதுரக் கட்டம் போட்டது. பிள்ளைக்குக் குளிரும் என்று சுற்றுவதுபோல் ரைபிளை அதால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

பார்த்த யாரோ தொலைபேசி எடுத்துவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல மாட்டேன். அது ஏதோ அச்சுறுத்தல் என்று பொலிசார் இடுப்பில் ஆயுதத்தோடு நின்ற காலம். வெஸ்ட்லி நிலையத்து வாசலில் ஒரு பொலிஸ்காரர் பதினைந்து அடி தூரத்தில் நின்று சொன்னார்: "அப்படியே நில். கைகளை நான் பார்க்க வேண்டும்."

தவத்துக்கு நோர்வே மொழி தண்ணீர்பட்ட பாடு. நாள் முழுவதும் பஸ்ஸில் அதைத்தான் கதைக்கிறான். ஆனால் இடது கை சாரப் பொதியை அணைத்திருக்க, வலது கை அவனுக்கு முதலே போய்விட்டது. மேற்சட்டையின் உள்பையில் அட்டை இருந்தது. அதே பையில், என் பேச்சைக் கேட்டு உடம்போடு வைத்த போல்ட்டும் இருந்தது. அட்டையை இழுத்தான். போல்ட்டும் கூட வந்தது, கறுத்த இரும்பு. பொலிஸ்காரரின் பிஸ்டல் உறையை விட்டு வெளியே வந்தது.

தவம் தானாகவே நிலத்தில் விழுந்துவிட்டான். ஒருவருக்கும் காயம் இல்லை. விலங்கு போட்டார்கள், பார்த்தார்கள், துவக்கு வெறுமை, அட்டை சரி. அரை மணித்தியாலத்தில் விலங்கைக் கழற்றி வீட்டுக்கு விட்டார்கள். துவக்கையும் சாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அன்றிரவு அவன் எனக்குப் போன் எடுத்தான்.

"அண்ணை, நான் ஒண்டும் செய்யேல்லை. அட்டையைத்தான் எடுத்தனான்."

"கேட்டவையே அட்டையை?"

"இல்லை. கேக்கமுதல் குடுத்தா நல்லதுதானே எண்டு..."

"துவக்கை ஏன்ரா சாரத்தாலை சுத்தினனி?"

"வேறை என்னத்தாலை அண்ணை சுத்திறது?"

சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. அந்தப் போல்ட்டை அந்தப் பையில் வைத்தது நான்தான். போனை வைத்த பிறகு நெடுநேரம் நித்திரை வரவில்லை.

இரண்டு வாரத்தில் தவத்துக்குப் பொலிஸிடமிருந்து கடிதம் வந்தது. பொலிஸ் கட்டளைக்குப் பணியாதபடியால் துவக்கு அனுமதியை மீளப் பெற யோசிக்கிறோம், விளக்கம் இருந்தால் வந்து சொல்லலாம். அனுமதி போனால் வேட்டைக் குழு போகும். அது பரவாயில்லை. ஆயுதத்தோடு கட்டளையை மீறினவன் என்று ஒரு வரி பதிவில் விழுந்தால், பஸ் ஓட்டுகிறவனுடைய சோற்றிலும் மண் விழலாம். தவத்துக்கு அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. ஐந்து கிலோ இளைத்துவிட்டான்.

துரீட் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எந்த நாள், எத்தனை மணி என்று மட்டும் கேட்டார். மூவரும் போனோம். அனுமதிப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி, சாதாரண உடுப்பில், மரியாதையாக எங்களை இருத்தினார். நான் சோதனைச் சாவடிக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன், சைக்கிளில் இருந்து இறங்குவது முதல். அவர் எல்லாவற்றையும் எழுதினார். பிறகு கேட்டார்:

"எனக்கு விளங்குகிறது. ஆனால் அது முப்பது வருடத்துக்கு முந்திய கதை. இவர் இங்கே வந்து எவ்வளவு காலம்? மொழி தெரியும். கட்டளை தெளிவாக இருந்தது. அவ்வளவு பழைய பழக்கம் இன்னும் இருக்கும் என்று நான் எப்படி எழுதுவது?"

நியாயமான கேள்வி. தவம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மறித்த பொலிஸ்காரரையும் அவர் வரச் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது தெரியாது. கதவு தட்டுப்பட்டுத் திறந்தது. முழுச் சீருடையில் ஓர் இளைஞர் வாசலில் நின்று "ஹாய்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தவம் எழுந்து நின்று அட்டையை நீட்டிக்கொண்டிருந்தான். பாவம், அவனை விடுங்கள். பக்கத்தில் நானும் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருடத்துக்கு மேல் கை, வாய், பை என்று மந்திரம் சொன்னவன், ஊருக்கு உபதேசம் செய்ய வந்தவன், வலது கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் இருந்தது அடையாள அட்டைகூட இல்லை. நூலக அட்டை.

துரீட் மட்டும் இருந்த கதிரையை விட்டு அசையாமல் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அவர் துடைத்தது கண்ணாடியை அல்ல, கண்ணை. எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. பெண் அதிகாரி என் கையையும் தவத்தின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பேனையை மேசையில் வைத்தார்.

வாசலில் நின்ற இளைஞர்தான் முதலில் பேசினார். "இதேதான். அன்றைக்கும் இவர் இதைத்தான் செய்தார்." பிறகு உள்ளே வந்து தவத்துக்கு எதிரே இருந்தார். "அந்தக் கறுப்பு இரும்பைக் கண்டபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு வினாடி. அதற்கு மேலே இன்னும் ஒரு வினாடி பொறுத்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை."

தவம் நோர்வே மொழியில் நன்றி என்றான். ஒருமுறை சொன்னவன் நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். இளைஞர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார், அந்தக் கையைத்தான். அதுவரை எனக்கும் அந்தச் சம்பவத்தில் பயந்தது ஒரு பக்கத்தார்தான் என்ற நினைப்பு இருந்தது. அன்றோடு போய்விட்டது.

அனுமதி பறிபோகவில்லை. பதிவில் அந்த வரியும் விழவில்லை. எச்சரிக்கை மட்டும் எழுதினார்கள். முறையாகப் பயிற்சி எடுக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. துவக்கைத் திருப்பித் தந்தபோது சாரத்தை அழகாக நான்காக மடித்து ஒரு கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். வெளியே வந்ததும் துரீட் அதை விரித்துப் பார்த்துவிட்டு, "நல்ல துணி. ஆனால் ஒரு புதுப் பை வாங்கு" என்றார்.

பயிற்சியைத் துரீட்டும் நானும் கொடுத்தோம். தவத்தின் வீட்டில், சனிக்கிழமை காலைகளில். துரீட் வெளியே போய்க் கதவைத் தட்டுவார். தவத்தின் மனைவி ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு பொரித்த பற்றிஸ் கொண்டுவந்து வைப்பாள். அட்டைக்கு இடப்பக்க வெளிப்பை, போல்ட்டுக்கு முதுகுப் பையின் அடி என்று இடம் மாற்றினோம். தவத்தோடு சேர்ந்து நானும் பழகினேன். நூலக அட்டைக்குப் பிறகு வெட்கப்பட என்ன இருக்கிறது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். சுடுகாட்டுக்கு நேரத்தோடு போகாமல் இருக்கத்தான் இவ்வளவும் என்று தவத்துக்குச் சொன்னேன்.

கௌசியின் குழுவுக்கு நான் கடைசியாகச் சொல்ல விரும்புவது சென்ற இலையுதிர் காலத்தில் நடந்தது. தவமும் நானும் காட்டில் இருந்து காரில் வந்துகொண்டிருந்தோம். எல்க் கிடைக்கவில்லை. கொண்டுபோன இடியப்பமும் சம்பலும்தான் முடிந்தது. நகருக்குள் வரும் வீதியில் பொலிசார் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். தவம் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டி, கண்ணாடியை இறக்கினான். இரண்டு கையையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்தான். நான் என் கைகளை முழங்காலில் மலர்த்தி வைத்தேன். இளம் பொலிஸ்காரி ஒருத்தி குனிந்து பார்த்தாள்.

தவம் சொன்னான்: "எங்களிடம் இரண்டு வேட்டைத் துவக்குகள் இருக்கின்றன. பின்னால் டிக்கியில், பூட்டிய பெட்டியில். இரண்டும் வெறுமை. போல்ட்கள் கழற்றி வேறாக இருக்கின்றன. அனுமதி அட்டை என் இடப்பக்க வெளிப்பையில். நான் என்ன செய்ய வேண்டும்?"

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த சின்னக் கருவியை நீட்டினாள்.

"இதில் ஊத வேண்டும். அவ்வளவுதான்."

தவம் ஊதினான். சுத்தம். "சரி, இப்போது சாரதி அனுமதிப்பத்திரத்தையும் துவக்கு அட்டையையும் எடுங்கள்" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் அவனுடைய கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது. மெதுவாக, குழந்தை படி இறங்குவதுபோல. டிக்கியையும் திறந்து பார்த்தாள், திருப்தியாகத் தலையாட்டினாள். எல்லோரும் இப்படிச் சொன்னால் எங்கள் வேலை எவ்வளவு சுகம் என்று சொல்லி வழிவிட்டாள்.

கொஞ்சத் தூரம் போய், பஸ் தரிப்பிடம் ஒன்றில் தவம் காரை நிறுத்தினான். ஏன் என்று கேட்டேன். வலது கையைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அண்ணை, அவள் குனியேக்கை இது துடிச்சது. ஆனா போகேல்லை. இண்டைக்குத்தான் முதல்முறையா என்ரை கை என்ரை சொல்லுக் கேட்டது."

முழங்காலில் இருந்த என் கைகளைப் பார்த்தேன். அவையும் மலர்த்தி வைத்தபடியே இருந்தன.